வெட்டி எடுத்த பதினேழு நொடி

1

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு பொது உரைக்கு ஒரு வயது முடிந்தால் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வரும். வாழ்த்தெல்லாம் இல்லை. 'உங்கள் உரையின் பதிவு ஓராண்டாக இணையத்தில் இருக்கிறது. அதில் குரல் கொடுத்தவரின் சம்மதம் இன்றும் செல்லுமா? ஆம், இல்லை. ஒன்றைக் குறிக்கவும்.' அவ்வளவுதான், இரண்டு கட்டம். போன மாதம் எனக்கு வந்தது. ஆறு நாள் அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஏழாம் நாள் நினைவூட்டல் வந்தது. மறதி என்பதே இந்த ஊர் அலுவலகங்களுக்குக் கிடையாது.

நான் செம்பாக்கத்துக்காரி. பதினெட்டு வருஷமாக ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், காற்று ஓயாத ஒரு ஊரில் இருக்கிறேன். இங்கே சமூக அறிவியல் புலத்தில் பாடம் நடத்துகிறேன். பாடம் நடத்துவது பாதி வேலை, கூட்டம் நடத்துவது மீதி வேலை. புதன்கிழமை மதியம் கருத்தரங்கு. பத்துப் பேர் வருவார்கள், அதில் நாலு பேர் சாண்ட்விச்சுக்காக. பேசி முடித்ததும் ஒரு மூத்த பேராசிரியர் எழுந்து, 'இது கேள்வி இல்லை, ஒரு சின்னக் கருத்து' என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசுவார். மாதத்துக்கு ஒரு பொது உரை, அதற்கு ஊர்மக்களும் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு பண்பாட்டு மாலை. அதற்கு வருஷம் தவறாமல் நான்தான் வடை சுட வேண்டும். 'சமூகவியல் பேசுகிறேனே' என்றால், 'அதுவும் பேசுங்கள்' என்பார்கள்.

போன வருஷம் அக்டோபரில் பொது உரை என்னுடையது. கோவளத்தில் மீன் எடுத்து, பஸ் ஏறி, சென்னையின் தெற்குப் புறநகரெல்லாம் விற்கிற பெண்களைப் பற்றியது. அரங்கம் நிறைந்துவிட்டது. என் மகள் நிலாவும் வந்திருந்தாள். பதினைந்து வயது. நான் பேசுகிற எதற்கும் வராதவள், அன்றைக்கு என்னமோ வந்துவிட்டாள்.

உரையின் நடுவில், அப்படி மீன் விற்றவர்களில் ஒருவரான ஃபிலோமினா அக்காவின் குரலை இரண்டு நிமிஷம் ஒலிக்கவிட்டேன். திரையின் கீழே ஆங்கிலத்தில் வரி ஓடியது. 'ஒரு வூட்ல எனக்குன்னு தனியா ஒரு டம்ளரு. பச்சை பிளாஸ்டிக்கு. உள்ள எடுத்துனு போவ மாட்டாங்க. மீட்டர் பொட்டி மேலயே குந்திகினு இருக்கும். நானும் வெளிய, அதுவும் வெளிய.' முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி நேரத்தில் அதே அம்மாள் எழுந்தார். அந்த வீட்டுக்காரர்களிடம் பேசினீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் தண்ணீர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, அந்தக் குடும்பத்தை அணுக முடியவில்லை என்றேன்.

அணுக முடியாமல் என்ன? அது எங்கள் வீடு.

திரும்பிப் போகும்போது நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாக எப்போது பிடித்தாள் என்றே எனக்கு ஞாபகமில்லை. "சூப்பரா பேசினே அம்மா. அந்த வீட்டு ஆளுங்க ஹாரிபிள். நான் பாத்தா நேரா கேட்டுடுவேன்" என்றாள். அந்தக் கையை விட எனக்கு மனசு வரவில்லை. அதனால் வாயைத் திறக்கவில்லை.

2

ஃபிலோமினா அக்கா வாரத்தில் மூன்று நாள் எங்கள் தெருவுக்கு வருவார். கோவளத்தில் படகு கரை ஏறியதும் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் அடுக்கி, கேளம்பாக்கத்தில் ஒரு பஸ் மாறி, தாம்பரத்தில் இன்னொன்று மாறி, பத்து மணிக்குச் செம்பாக்கம். பாதி நாள் கூடையோடு ஏறவே விடமாட்டார்கள். எங்கள் வீட்டுக்கு வரும்போது புடவை நனைந்திருக்கும், தொண்டை வறண்டிருக்கும்.

பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து அவர்தான் மீனைச் செதில் எடுத்து, வெட்டி, மூன்று தண்ணீர் அலசித் தருவார். அவர் கைபட்ட சங்கரா மீன் எங்கள் குழம்பில் கொதிக்கும். அவர் வாய்பட்ட டம்ளர் மட்டும் வீட்டுக்குள் வராது. கேட்டால் கவுச்சி என்பாள் அம்மா. மீன் தின்கிற வீட்டில் என்ன கவுச்சி என்று யாரும் திருப்பிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. தண்ணீர் ஊற்றுகிற வேலை என்னுடையது.

சொம்பை உயரத் தூக்கி, டம்ளரின் விளிம்பில் பட்டுவிடாமல் ஊற்ற வேண்டும். பத்தாவது படிக்கும்போது ஆரம்பித்து, கல்லூரி முடிக்கும் வரை ஊற்றினேன். யாரும் என்னை மிரட்டவில்லை. அம்மா ஊரில் இல்லாத ஒரு வாரம்கூட, கை தானாக அந்த பிளாஸ்டிக் டம்ளரைத்தான் தேடியது. அலமாரி நிறைய எவர்சில்வர் டம்ளர் இருந்தது. ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தால் யார் என்ன சொல்லியிருக்கப் போகிறார்கள்? அம்மாவின் மேல் பழியைப் போடலாம் என்று பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு வாரம் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆராய்ச்சிக்காகக் கோவளம் போனேன். போவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கவே ஐந்து மாதம். ஒன்பது அம்சங்கள் கொண்ட சம்மதப் படிவம். அதை நானே தமிழாக்கினேன். 'பங்கேற்பாளர் தமது தரவுகளைத் திரும்பப் பெறும் உரிமை உடையவர்' என்றெல்லாம் எழுதிக்கொண்டு போய் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் நின்று வாசித்தேன். ஃபிலோமினா அக்கா சிரித்துவிட்டார். "இன்னா பாப்பா இது, பத்திர ஆபீஸ் காயிதம் மாதிரி கீது. நீதான கேக்கற, குடு" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எந்தெந்தக் கட்டத்தின் மேல் அவர் பேனா தயங்கி நின்றதோ அங்கெல்லாம் 'ஆம்' என்று நானே குறித்துக்கொடுத்தேன். குரலைப் பொது இடத்தில் ஒலிக்கச் செய்யலாமா என்ற கட்டத்திலும்தான்.

அப்போது முட்டி தேய்ந்துபோனதால் அவர் ஊர் ஊராகப் போவதை விட்டுக் கரையிலேயே விற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மகள் ஜெனிபர் உட்கார்ந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். பஸ் கதை, கண்டக்டர் கதை எல்லாம் சொல்லிவிட்டு, அக்கா கொஞ்சம் நிறுத்தி, "ஒரு வூட்ல" என்று ஆரம்பித்தார்.

எங்கள் பக்கம் இப்படி ஒரு பழக்கம் உண்டு. எதிரில் உட்கார்ந்திருப்பவர் செய்ததை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமென்றால், 'ஒரு வூட்ல ஒரு பொண்ணு' என்று யாரோ மூன்றாம் மனுஷியின் கதையாகச் சொல்வார்கள். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். கேட்கிறவர் 'அது நான்தானே' என்று ஒத்துக்கொண்டால் பேச்சு அங்கே முடியும். சண்டையோ சமாதானமோ, ஏதோ ஒன்று ஆகும். அந்த மரியாதையை அக்கா எனக்குக் கொடுத்தார். நான் என்ன செய்தேன்? 'பெயர் குறிப்பிடப்படாத ஒரு குடும்பம்' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

டம்ளரைப் பற்றிச் சொன்ன பிறகு அவர் சொன்னது இது: 'அந்த வூட்டுப் பொண்ணுதான் தண்ணி ஊத்தும். சொம்பு பட்றப் போவுதுன்னு கைய தூக்கிகினு ஊத்தும். பாதி என் பொடவைல. படிக்கிற பொண்ணு. ஒரு நாளு கூட என் மூஞ்சிய நிமுந்து பாத்ததில்ல.'

பதினேழு நொடி. உரைக்காகப் பதிவைச் சுருக்கும்போது அதை வெட்டி எடுத்துவிட்டேன். நேரம் போதாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

3

அந்த உரை இணையத்தில் ஏறியதும் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் சமூக அறிவியல் புலத்திலிருந்து அழைப்பு வந்தது. ஜனவரியில் ஊருக்கு வருவீர்களாமே, பொங்கல் விழாவும் கருத்தரங்கும் ஒன்றாக வைத்திருக்கிறோம், அதே உரையைத் தமிழில் கொடுங்கள் என்றார்கள். மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. கேம்ப் ரோடு ஜவுளிக்கடையில் எடுத்த புதுப் புடவை கட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்கே தயாராகிவிட்டாள்.

வளாகத்தில் கோலப்போட்டி, பறை, கரும்புக் கட்டு, பொங்கல் பானை. மாணவர்கள் எல்லாரும் வேட்டியிலும் பாவாடை தாவணியிலும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரங்கத்தில் குத்துவிளக்கேற்ற ஏழு பேர், விளக்குக்கு ஐந்து முகம். வரவேற்புரையில் என்னை 'செம்பாக்கம் பெற்றெடுத்த சிந்தனைச் செல்வி' என்றார்கள். எனக்கு வயது நாற்பத்தைந்து. நான் நன்றி சொல்ல எழுந்து ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட, கடைசி வரிசையில் எவனோ விசிலடித்தான். முன்வரிசையில் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்ற பெண்ணை அப்போதுதான் பார்த்தேன். ஜெனிபர். அங்கே எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது. இரண்டு மணி நேரம் அவள் அம்மாவைப் பேட்டி எடுத்த நான், மகள் என்ன படிக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குரலை ஒலிக்கவிட்டேன். இந்த அரங்கத்தில் கீழே வரி ஓடத் தேவையில்லை. எல்லாருக்கும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா அசையவில்லை.

கேள்வி நேரத்தில் ஜெனிபர் ஒலிவாங்கியை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லாரும் கேட்டு முடித்ததும் அதைத் தன் வாயருகே வைத்துக்கொண்டாள். "ஒரு சின்ன டவுட் மேடம். அம்மா பேசறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். டம்ளருக்கு அப்புறம் இன்னொண்ணு சொன்னாங்க. அது இதுல வரலியே?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்குக் கொடுத்த இரண்டாவது வாய்ப்பு அது. எதிரே அம்மா, பக்கத்தில் துறைத்தலைவர், கையில் பூங்கொத்து. நேரம் கருதிச் சுருக்கியிருக்கிறேன் என்றேன். "ஓகே மேடம், தேங்க் யூ" என்று ஜெனிபர் ஒலிவாங்கியை அணைத்தாள். அடுத்த நிமிஷம் தட்டில் பொன்னாடையைக் கொண்டுவந்து நீட்டியதும் அவள்தான். அதைப் போர்த்திக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்தேன். எனக்கே என்னைப் பார்க்கச் சகிக்கவில்லை.

கார் ராஜகீழ்ப்பாக்கம் தாண்டியது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பச்சை இல்லடி. நீலம்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"டம்ளர் வெச்சது நான்தான். இல்லேங்கல. ஆனா ஊத்தினது நீ. அது மட்டும் எங்க போச்சு?"

கோவளம் செம்பாக்கத்திலிருந்து ஒரு மணி நேரம். விமானம் ஏற இன்னும் நான்கு நாள் இருந்தது. போகவில்லை. சித்தப்பா வீட்டுக்குப் போனேன், பல் டாக்டரிடம் போனேன், நிலாவுக்கு வளையல் வாங்க இரண்டு தடவை தாம்பரம் மார்க்கெட் போனேன்.

4

ஆக, போன மாதம் அந்த மின்னஞ்சல். நினைவூட்டல் வந்த அன்றைக்கு 'இல்லை' என்ற கட்டத்தைக் குறித்தேன். ஒரு மணி நேரத்தில் பதிவை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னைப் பிடித்து உலுக்கியது. ஏனென்றால் போனது அக்காவின் குரல் மட்டும் இல்லை, என் பொய்யும் சேர்ந்து போய்விட்டது. இனி எவரும் கண்டுபிடிக்க முடியாது. திருடியதையும் தின்றுவிட்டு வாயையும் துடைத்துக்கொண்ட கதை.

அடுத்த புதன்கிழமைக் கருத்தரங்கில் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். நான் பேசுகிறேன் என்றேன். பத்துப் பேர் முன்னால், வெட்டாத பதிவை முழுதாக ஒலிக்கவிட்டேன். அந்த வீடு என் வீடு, அந்தப் பெண் நான், உரையில் நான் சொன்னது பொய் என்றேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் போயிருந்தேன்.

கைதட்டினார்கள்.

மூத்த பேராசிரியர் எழுந்து, 'இது கேள்வி இல்லை' என்று ஆரம்பித்து, தன்னையே ஆய்வுக்கு உட்படுத்திக்கொள்ளும் இப்படியொரு துணிச்சலைத் தான் பல வருஷமாகப் பார்க்கவில்லை என்றார். இதைக் கட்டுரையாக எழுதி அனுப்புங்கள் என்றார் இதழாசிரியராக இருக்கிற இன்னொருவர். புலத் தலைவர் என் தோளைத் தட்டி, ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இதைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். செருப்படி எதிர்பார்த்துப் போனவளுக்கு மாலை விழுந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், வீட்டுக்கு நடக்கும்போது கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அன்று சாயங்காலம் நிலாவை உட்காரவைத்துப் பதிவைப் போட்டேன். அவள் தமிழ் அரைகுறை. அக்காவின் தமிழ் அவளுக்குச் சுத்தமாகப் பிடிபடவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். 'மூஞ்சி' என்றால் என்ன என்று கேட்டாள். முகம் என்றேன். அந்தப் பெண் யார் என்று கேட்டாள். நான் என்றேன்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. போன வருஷம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நீ என் கையைப் பிடித்திருந்தாய் என்றேன். அது அவளுக்குப் பதிலாகப் படவில்லை. எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் சாப்பாட்டு மேஜைக்கு வரவில்லை, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனாள். வெள்ளிக்கிழமை பள்ளிக்குக் கிளம்பும்போது கதவருகே நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஆன்ட்டிகிட்ட சொல்லிட்டியா?"

இல்லை என்றேன்.

"மத்த எல்லார்கிட்டயும் சொன்னியே" என்று பையை மாட்டிக்கொண்டு போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெனிபரின் எண்ணுக்கு அழைத்தேன். இங்கே காலை, அங்கே சாயங்காலம். அவள் ஒன்றும் கேட்காமல் அம்மாவிடம் கொடுத்தாள். பின்னால் கடல் சத்தமும் நாய்க் குரைப்பும் கேட்டது. அங்கே குளிரா, என் அம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது, என் பொண்ணு எத்தனாவது படிக்கிறது என்று அக்காதான் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அப்புறம் பேச்சை இழுத்து இழுத்து, அன்றைக்கு நீங்கள் சொன்னதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டேன் அக்கா, அந்தப் பெண் தண்ணீர் ஊற்றியதை, என்றேன்.

"தெரியும். ஜெனி சொல்லிச்சு" என்றார். கோபம் இல்லை. "பேர நான் சொல்லல பாப்பா. நீயே சொல்லுவேன்னு உட்டுட்டேன். நீ இன்னாடான்னா தலைய ஆட்டிகினு எழுதிகினே கீற."

நான் அவசரமாக, இப்போது சொல்லிவிட்டேன் அக்கா, போன வாரம் இங்கே கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை என்றேன். சொல்லும்போதே என் குரலில் ஒரு பெருமை கேட்டது.

"அங்கியா?"

ஆமாம் என்றேன்.

"இங்கிலீஷ்லயா?"

ஆமாம் என்றேன்.

"சரி. அவங்களுக்கு சொல்ட்ட. எனக்கு இன்னா சொல்ற?"

இந்த நாட்டில் நான் ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'சாரி' சொல்கிறேன் என்று கணக்கில்லை. பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்தால்கூட நான்தான் சொல்வேன். கடையில் மூடிய கதவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். தமிழில் அந்த வார்த்தையை ஒரு மனுஷியிடம், அவர் காத்துக்கொண்டிருக்கும்போது, இதுவரை நான் சொன்னதே இல்லை. "அக்கா" என்றேன். அடுத்தது வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுகையே போதும், அவர் 'உடு பாப்பா, போனது போச்சு' என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது. இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அவர் அப்படிச் சொல்லவில்லை.

"அழுவற சத்தத்துல ஒண்ணும் வெளங்கல. அழுது முடிச்சிட்டு சொல்லு. நான் வெச்சிடல, லைன்லதான் கீறேன்."